நவரை அறுப்பும் பொதுப்பரீட்சையும்

பொங்கலுக்கு வந்த என் மச்சான், அதாவது வீட்டுக்காரம்மாவோட தம்பி, பெரம்பூருக்குத் திரும்பும்போது ஒரு கேள்வி கேட்டுட்டுப் போனார். அவர் பையன் இந்த வருஷம் பத்தாவது. ரெண்டு டியூஷன், டிவி கனெக்‌ஷன் கட், வீட்டுக்கு விருந்தாளி வரக்கூடாது, அம்மா ஆபீஸுக்கு ஒரு மாசம் லீவு. இவ்வளவும் செஞ்சும் பையன் முகத்துல சிரிப்பே இல்லையாம். "ஊர்ல நீங்க எல்லாம் எப்படி மாமா சமாளிக்கிறீங்க? உங்க பொண்ணு டியூஷனே போகலையே"ன்னார்.

பஸ் வந்துடுச்சு, பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன். நகரத்துல இருந்து படிக்கிற உங்கள்ல பல பேர் வீட்டுலயும் இப்போ இதே கதைதான் ஓடிக்கிட்டு இருக்கும்.

முதல்ல எங்க ஊர் நிலவரம் சொல்லிடுறேன். காட்டூர், பொன்னேரி வட்டம். ஒரு பக்கம் நெல்லு, இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரி. நாங்க மண்ணுல, ஏரிக்கரைக் குப்பத்துக்காரங்க தண்ணியில. ரெண்டு பேருக்கும் பரீட்சை மாசத்துல வர்ற சிக்கல் ஒண்ணேதான். பிள்ளை படிக்க வேண்டிய நேரமும், வீட்டுக்கு ஆள் வேண்டிய நேரமும் ஒண்ணா வந்து நிக்கும்.

சம்பா அறுப்பு தை மாசம். பள்ளிக்கூடத்துல ரிவிஷன் டெஸ்ட் நடக்குறதும் அப்பதான். சம்பா முடிஞ்ச கையோட நவரை நடவு. நவரை அறுப்பு பங்குனி, சித்திரை. பொதுப்பரீட்சை மார்ச், ஏப்ரல். யாரோ வேணும்னே கணக்குப் போட்டு வெச்ச மாதிரி இருக்கும். அறுவடை மெஷின் வர்ற அன்னைக்கு வீட்டுல இருக்குற எல்லாக் கையும் வேணும். நெல்லு காய வெக்கணும், தூத்தணும், மூட்டை பிடிக்கணும், கொள்முதல் நிலையத்துல காவல் இருக்கணும். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைன்னா முழு ஆள் கணக்கு.

நான் பத்தாவது எழுதினது எண்பதுகளோட கடைசியில. தமிழ் ரெண்டு தாள், இங்கிலீஷ் ரெண்டு தாள். கூரை வீடு, சிம்னி விளக்கு. எங்கப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். பரீட்சை நடந்த அத்தனை நாளும் என்னை வயலுக்குக் கூப்பிடல. என் பங்கு வேலையையும் சேர்த்து அவரே செஞ்சார், ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. எங்க வீட்டுல பிள்ளைகளுக்குச் செஞ்சதெல்லாம் அங்க இருந்து வந்ததுதான்.

என் பொண்ணு பிளஸ் டூ எழுதினது 2024 மார்ச்சுல. அந்த வருஷத்தை நாங்க மறக்க முடியாது. 2023 டிசம்பர் தொடக்கத்துல மிக்ஜாம் புயல். சென்னையில உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்ததை டிவியில காட்டினாங்க. இங்க வயலுக்குள்ள வந்ததை அவ்வளவா காட்டல. சம்பா கதிர் முத்துற நேரம், பயிர் அப்படியே சாஞ்சு தண்ணிக்குள்ள கிடந்துச்சு. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலு மாவட்டத்துலயும் அரையாண்டுப் பரீட்சையைத் தள்ளி வெச்சாங்க. புத்தகம், சான்றிதழ் நனைஞ்சு போனவங்களுக்கு மறுபடி கொடுக்கச் சிறப்பு முகாம் போட்டாங்க.

என் பொண்ணு புத்தகம் தப்பிச்சது. மழைக்காலம் வந்தா வீட்டுக்காரம்மா யூரியா மூட்டைக்குள்ள இருக்குற பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயவெச்சு, ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக், பிள்ளைங்க புத்தகம் எல்லாத்தையும் அதுல போட்டுப் பரண்ல ஏத்திடுவாங்க. ஏரியை ஒட்டி இருக்குற வீடுகள்ல நோட்டை ஒவ்வொரு தாளாப் பிரிச்சுக் கொடியில காயப்போட்டிருந்தாங்க. வலை காயற இடத்துல வேதியியல் நோட்டு காஞ்சுச்சு.

தண்ணி வடிஞ்ச பிறகுதான் நிஜமான கஷ்டம். சம்பாவுக்குக் கூட்டுறவு சங்கத்துல வாங்கின கடன் நிக்குது. நவரைக்கு விதை, உழவு, உரம். நானும் வீட்டுக்காரம்மாவும் பேசி ஒரு முடிவு எடுத்தோம். கடன் பேச்சு வீட்டுக்குள்ள கிடையாது. பேசணும்னா களத்துக்குப் போயிடுறது, இல்லைன்னா மோட்டார் கொட்டகை. எங்க வீடு ஒரே கூடம், ஒரு சமையல் கட்டு. அப்பனும் ஆத்தாளும் ராத்திரி குசுகுசுன்னு கணக்குப் போட்டா, பாய்ல உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு ஒரு எழுத்து ஏறுமா? மறைக்கிறது இல்ல இது. பயிர் போனது அவளுக்கும் தெரியும், அவளும்தான் வரப்புல நின்னு பார்த்தா. "இது எங்க கணக்கு, நாங்க பார்த்துக்குறோம். உன் படிப்புக்கு வெச்ச காசு தனியா இருக்கு"ன்னு ஒரு தடவை தெளிவா சொன்னோம். அதோட சரி.

பணக் கவலையைவிட, "என்னாலதான் இவங்களுக்குச் செலவு"ன்ற நினைப்புதான் பிள்ளையை உள்ளுக்குள்ள தின்னும். ஆயிரம் ரூபாய் ஃபீஸ் கட்டிட்டு பத்து தடவை சொல்லிக் காட்டுற அப்பன்மாரை நான் பார்த்திருக்கேன். அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கல்லூரி போனா மாசம் ஆயிரம் ரூபாய் கிடைக்குது இப்போ. பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-ல வந்துச்சு, பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல. "காலேஜ் பஸ் செலவுக்கு ஆச்சு, அதைப் பத்தி நீ யோசிக்காதே"ன்னு சொல்ல அது எங்களுக்கு ஒரு பிடி கொடுத்துச்சு.

அப்புறம் வேலை. புயலுக்கு அப்புறம் நவரை நடவு தள்ளிப் போனதால, அந்த வருஷம் எங்களுக்கு அறுப்பு ஏப்ரலுக்குப் போயிடுச்சு. அவளுக்குப் பரீட்சை மார்ச் 1-ல தொடங்கி 22-ல முடிஞ்சுது. புயல் செஞ்ச ஒரே நல்லது அது. ஆனா களை எடுப்பு, மேலுரம், தண்ணி கட்டுறது எல்லாம் பரீட்சைக்குள்ளதான் வந்துச்சு. அவளைக் கூப்பிடல. கூலிக்கு ரெண்டு பேர் கூடுதலா வெச்சோம். கையைக் கடிச்சுது, பரவாயில்லை.

ஆனா எல்லா வேலையையும் நிறுத்தல. இதை மச்சானுக்குச் சொல்லணும். சாயங்காலம் மாட்டுக்குத் தீனி வெச்சுப் பால் கறக்குறது அவ வேலை. "அதை மட்டும் விட்டுடாதீங்கப்பா, அதான் எனக்கு ரெஸ்ட்"னா. அரை மணி நேரம் மாட்டுகிட்ட என்னத்தையோ பேசிக்கிட்டே கறப்பா. உயிரியல் பாடத்தை ஒப்பிச்சாளோ, எங்களைப் பத்திப் புகார் சொன்னாளோ, மாட்டுக்குத்தான் தெரியும். நகரத்து வீட்டுல பார்க்குறேன், பிள்ளை ஒரு டம்ளர் கூட எடுத்து வைக்க வேண்டாம்னு எல்லாத்தையும் புடுங்கிடுறீங்க. அவன் காய்ச்சல்காரன் மாதிரி கட்டில்லயே கிடக்குறான். கடைக்குப் போய் கொத்தமல்லி வாங்கிட்டு வரட்டுமே. கால் நடந்தா தலையும் கொஞ்சம் காத்தாடும்.

இதுல ஒரு வயித்தெரிச்சல் விஷயம் இருக்கு. எங்க பக்கத்துல பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்னா அவனை யாரும் ஒரு வேலை சொல்ல மாட்டாங்க. பொண்ணு படிக்கிறான்னா, "குடிக்கத் தண்ணி எடுத்து வெச்சுட்டுப் படிம்மா, தம்பிக்குத் தோசை ஊத்திட்டுப் படிம்மா"ம்பாங்க. கடலுக்குப் பக்கத்து நிலம், போர் தண்ணி பல இடத்துல உப்பு. நல்ல தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு நிக்கணும். அது எப்பவும் பொம்பளைப் பிள்ளைங்க இடுப்புலதான் ஏறுது. எங்க வீட்டுல அந்த ஒன்றரை மாசம் குடம் தூக்கினது அப்போ எட்டாவது படிச்ச சின்னவன். "நான் மட்டும் ஏன்?"னு கத்தினான். "அடுத்து உனக்குப் பரீட்சை வரும்போது அக்கா தூக்குவா"ன்னு வீட்டுக்காரம்மா அடக்கினாங்க.

தேர்வு நாள்ல அப்பன் செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம். எனக்கு இயற்பியல் தெரியாது, கணக்கும் இப்போ வர்ற கணக்கு தெரியாது. எனக்குத் தெரிஞ்சது வண்டி. முந்தின நாள் ராத்திரியே டி.வி.எஸ். எக்ஸ்.எல்.ல காத்து, பெட்ரோல் பார்த்துடுவேன். தேர்வு 10 மணிக்கு. முதல் 10 நிமிஷம் கேள்வித்தாள் படிக்க, அடுத்த 5 நிமிஷம் விவரம் சரிபார்க்க, 10.15-ல இருந்து 1.15 வரைக்கும் எழுதணும். எங்க ஊர் பஸ்ஸை நம்பினா வரும், நம்பிக்கிட்டு நின்னா வராது. அதனால ஒன்பதே காலுக்கெல்லாம் மையத்து வாசல்ல இறக்கி விட்டுடுவேன். ஹால் டிக்கெட் ஒரு நகல் எடுத்து வண்டிப் பெட்டியில வெச்சிருந்தேன். காலையில இட்லிதான். பரீட்சை நாள்ல நண்டு, இறால் வேண்டாம்னு வீட்டுக்காரம்மா சட்டம்.

வெளிய வந்ததும் "எப்படி எழுதின, எவ்வளவு வரும்?"னு கேட்கல. "கை வலிக்குதா? பசிக்குதா?" அவ்வளவுதான். எழுதி முடிச்சதை நான் கேட்டு ஒரு மார்க் கூடப் போகுதா? வாசல்லயே கேள்வித்தாளைப் பிடுங்கி, ஒரு மார்க் கேள்வியா சரி பார்த்து, அடுத்த பரீட்சைக்கு முன்னாடியே பிள்ளையை அழ வெச்சவங்களை அங்க தினமும் பார்த்தேன். அதுல பெரும்பாலும் நல்லா படிச்ச அப்பா அம்மாதான். எங்களை மாதிரி ஆளுங்களுக்குக் கேள்வித்தாள் புரியாததே ஒரு வசதி.

பங்குனி மாசம் கோயில் திருவிழா காலம் வேற. ஒலிபெருக்கி ராத்திரி 10 மணிக்கு மேல கூடாதுன்னு சட்டமே இருக்கு, ஊருக்குள்ள அதை யார் கேட்குறாங்க? அந்த வருஷம் எங்க தெருவுல மட்டும் பொதுப்பரீட்சைப் பிள்ளைங்க ஆறு பேர். பெரியவங்ககிட்ட ஆறு வீட்டு அம்மாக்களும் சேர்ந்து போய்ப் பேசினாங்க. குழாய் ஸ்பீக்கரை இறக்கிட்டு, கோயிலுக்குள்ள மட்டும் கேட்குற மாதிரி ஒரு பெட்டி வெச்சாங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்கல.

இப்போ குப்பத்து நண்பர் கதை. எனக்கு இருபது வருஷமா மீன் கொடுக்குறவர், நான் அவருக்கு நெல்லு கொடுப்பேன். அவர் பையன் என் பொண்ணோட ஒரே வகுப்பு.

ஏரியில எந்த இடத்துல எந்த நாள் யார் வலை போடணும்னு ஊர் முறை இருக்கு. அதுக்குப் பாடுன்னு பேரு. நம்ம பாடு வர்ற நாளை விட்டா, மறுபடி முறை வர வரைக்கும் காத்திருக்கணும். வலைக்கு ஆள் வேணும், ராத்திரி முழுக்க வேலை. வழக்கமா பையன்தான் அப்பனோட போவான். அந்த மார்ச்சுல அவர் பையனைக் கூப்பிடாம, பங்குக்கு ஆள் பிடிச்சுக்கிட்டுப் போனார். பாதி வருமானம் பங்குக்கே போச்சு. மீன்பிடி வீட்டுல எட்டு மணிக்கே விளக்கு அணைஞ்சுடும், ரெண்டு மூணு மணிக்கு வீடு முழிச்சுக்கும். பையன் அந்த நேரத்துல எழுந்து, அம்மா ஒரு பக்கம் டீ போட, வாசல் லைட்டுல படிப்பான். ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சாதான் படிப்புன்னு இல்லை. வீடு எப்போ சத்தமில்லாம இருக்கோ அதான் அந்த வீட்டுக்குப் படிக்கிற நேரம்.

மே 6-ந் தேதி காலையில ரிசல்ட். பையன் இயற்பியல்ல ஃபெயில்.

அவருக்குக் குழப்பம். "41 மார்க்குன்னு போட்டிருக்கு. 35 எடுத்தா பாஸ்னு சொன்னாங்களே?"ன்னு போனை என்கிட்ட நீட்டினார். எனக்கும் புரியல, என் பொண்ணுதான் விளக்கினா. செய்முறை இருக்குற பாடத்துல எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அக மதிப்பீடு 10. மொத்தம் 35 வந்தா மட்டும் போதாது, எழுத்துத் தேர்வுல குறைஞ்சது 15 வேணும். பையனுக்குச் செய்முறையில முழுசா 20, அக மதிப்பீடு 9, எழுத்துல 12. மூணு மார்க்கு. செய்முறையும் அக மதிப்பீடும் இருக்கே, தேறிடுவோம்னு நிறைய பசங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. உங்க வீட்டுல பிளஸ் டூ இருந்தா இந்தக் கணக்கைப் பரீட்சைக்கு முன்னாடியே ஒரு தடவை உட்கார்ந்து பேசிடுங்க.

ஆனா அன்னைக்கு விளக்கம் முக்கியமில்ல. பையனைக் காணோம். போன் வீட்டுலயே இருக்கு. அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நானும் வண்டியை எடுத்துக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன், இன்னும் ரெண்டு பேர் கடற்கரைப் பக்கம் போனாங்க. வெயில் கொளுத்துது. நாங்க யாரும் மனசுல இருந்ததை வாய் விட்டுச் சொல்லல. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல, கரையில ஏத்திக் கவுத்துப் போட்டிருந்த பழைய படகு ஒண்ணோட நிழல்ல உட்கார்ந்திருந்தவனை அவரே கண்டுபிடிச்சார்.

நான் போய்ச் சேரும்போது ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. கத்துவார்னு நினைச்சேன், கோபக்காரர். "அம்மா சாப்பிடாம உட்கார்ந்திருக்கா, வா"ன்னார். பையன் அசையல. "நைனா, மூணு மார்க்கு"ன்னான். "தெரியும்டா, பாப்பா சொல்லுச்சு. மறுபடி எழுதலாமாமே, எவ்ளோ கட்டணும்னு சார்கிட்ட கேட்டுட்டு வா. சாயங்காலம் வலைக்கு வர்றியா?" அவ்வளவுதான் பேச்சு. சாயங்காலம் ரெண்டு பேரும் போனாங்க. நான் கரையில நின்னு பார்த்துட்டு வந்தேன்.

துணைத்தேர்வு ஜூன் கடைசியிலயே வந்துடுச்சு. ரிசல்ட் வந்து ஏழு வாரம்தான். ஒரு வருஷம் வீணாகுறதெல்லாம் எங்க காலத்துக் கதை. வகுப்பு வாத்தியார் விடைத்தாள் நகல் வாங்கச் சொன்னார், வாங்கிப் பார்த்ததுல பையன் ரெண்டு பெரிய கேள்வியைத் தொடவே இல்லைன்னு தெரிஞ்சுது. அந்த ரெண்டு பாடத்தைச் சாயங்காலம் எங்க திண்ணையில என் பொண்ணும் அவனும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாங்க. தேறிட்டான். இப்போ பாலிடெக்னிக். விடுமுறைன்னா வலைக்கும் போறான்.

மச்சான்கிட்ட இதைத்தான் அழுத்திச் சொல்லணும்னு நினைச்சேன். ஃபெயில் ஆனா என்ன செய்யலாம்னு பரீட்சைக்கு முன்னாடியே பிள்ளைகிட்ட சொல்லி வைங்க. "அபசகுனமாப் பேசாதே"ன்னு என் வீட்டுலயே பெரியம்மா சண்டைக்கு வந்தாங்க. இதுல சகுனம் எங்க இருந்து வந்துச்சு? துணைத்தேர்வு இருக்கு, மறுகூட்டல் இருக்கு, மறுமதிப்பீடு இருக்கு, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இருக்குன்னு சோறு போடும்போது சாதாரணமா சொல்லணும். ரிசல்ட் அன்னைக்குச் சொன்னா ஆறுதல் மாதிரி இருக்கும், காதுல ஏறாது. அதோட, ரிசல்ட் அன்னைக்கு வீட்டுல ஒரு பெரிய ஆள் கட்டாயம் இருக்கணும். வேலைக்கு லீவு போடுறதா இருந்தா மார்ச்சுல ஒரு மாசம் வேண்டாம், அந்த ஒரு நாள் போடுங்க. பிள்ளை பேச்சுல வித்தியாசம் தெரிஞ்சா 104-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், ஆலோசனை சொல்ல ஆள் இருக்காங்க. 14416-ம் அதே மாதிரி இலவச மனநல உதவி எண்தான்.

ஒப்பிட்டுப் பேசுறதைப் பத்திப் புதுசா சொல்ல ஒண்ணுமில்ல. மாநில அளவுல முதலிடம், ரெண்டாமிடம்னு பட்டியல் போடுறதை அரசாங்கமே 2017-ல நிறுத்திடுச்சு. 1200 மார்க்கு 600 ஆச்சு. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2018-ல வந்துச்சு, 2025-ல எடுத்துட்டாங்க. சொந்தக்காரங்க வாய் மட்டும் அப்படியே இருக்கு. எங்க வடக்கு வானத்துல ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் போறதைப் பார்க்கும்போதெல்லாம், "உன் பொண்ணை அங்க சேர்த்துடு"ன்னு ஒரு மாமா சொல்லுவார். என் பொண்ணுக்கு ராக்கெட் மேல ஆசையே இல்ல. மாட்டு டாக்டர் ஆகணும்னு நினைச்சா, அந்த அளவுக்கு மார்க் வரல, இப்போ பி.எஸ்சி. விலங்கியல் படிக்கிறா. அந்தக் கவுன்சலிங் பட்டியல் வந்த அன்னைக்கு மாட்டுக் கொட்டகையில ரொம்ப நேரம் இருந்தா. நாங்க கூப்பிடல. பால் சொம்போட தானே வந்தா.

இப்போ சின்னவன் பத்தாவது. குடம் அக்கா கைக்குப் போயாச்சு, காலேஜ் விட்டு வந்ததும் அவதான் போறா. அவன் பழைய கணக்கை மறக்காம நோட்டுல எழுதி வெச்சிருந்தானாம். படிப்புல அக்கா மாதிரி இல்ல, கணக்குன்னா ஓடுவான், போனைக் கையில இருந்து பிடுங்கவும் முடியாது, அதுலதான் பாட வீடியோவும் பார்க்குறான். பத்து மணிக்குப் போன் கூடத்துல சார்ஜுக்குப் போயிடணும், எங்க போனும் சேர்ந்து போகும்னு ஒப்பந்தம். எனக்குத்தான் கஷ்டமா இருக்கு.

இந்தத் தடவை நவரைக்கு ஆடுதுறை 37 போட்டிருக்கேன், நூத்தி அஞ்சு நாள் பயிர். வழக்கத்தைவிடப் பத்து நாள் தள்ளி நட்டேன். பக்கத்து வயல்காரர், "எல்லாரும் அறுத்து முடிச்சப்புறம் நீ மட்டும் தனியா மெஷினைக் கூப்பிட்டா வாடகை கூடக் கேட்பான்"னார். கேட்டான்தான். மெஷின்காரர்கிட்ட பேசி, பையனோட கடைசிப் பரீட்சை முடிஞ்ச மறுநாளுக்கு மேல எந்த நாள் வந்தாலும் சரின்னு சொல்லி அட்வான்ஸ் கொடுத்துட்டேன்.